கல்லுக்குத் தொப்பி: பிழையுள்ள பதிப்பு

டொகாஷிக்கு இறுகிய கை. டயர் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் நட்டு முடுக்கிய கை அது. அவர் மூடிய ஜாடியை வேறு யாராலும் திறக்க முடியாது. கடையில் ஊறுகாய் ஜாடியை அவர் கண்ணில் படாத இடத்தில்தான் வைத்திருப்போம். அப்படிப்பட்ட மனிதர் நாற்பத்தைந்து வயதில் கம்பளி பின்ன ஆரம்பித்தார்.

காரணம் சிகரெட். விட்டே ஆக வேண்டும், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி மிட்சுவே ஊரில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர் யாரோ விட்டுவிட்டுப் போன கம்பளி உருண்டையையும் ஊசியையும் அவர் கையில் திணித்து, "எனக்கு நீங்க புகைபிடிக்காம இருந்தா போதும். எதையாவது பின்னுங்க, இல்ல பிரிங்க" என்றாள்.

எங்கள் கடையில் பின்னுவதற்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. வட ஜப்பானில், பனி கொட்டும் ஷின்ஜோ பக்கத்து ஊர்களில் டயர் கடைக்காரனுக்கு வருஷத்தில் இரண்டு பருவம்தான். நவம்பரில் பனியில் வழுக்காத டயர் மாட்ட ஊரே வரிசையில் நிற்கும். ஏப்ரலில் அதைக் கழற்ற அதே வரிசை. மற்ற மாதங்களில் நான் பில் மேஜையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவேன், முதலாளி ஓனுமா தொலைக்காட்சியில் சுமோ பார்ப்பார், டொகாஷி பின்னுவார்.

முதல் தொப்பியை முதலாளிக்குத்தான் கொடுத்தார். போட்டதோடு சரி, கழற்ற வரவில்லை.

"யோவ் டொகாஷி, இது என்ன தொப்பியா, டயரா? காது மரத்துப்போச்சுய்யா."

"கொஞ்ச நாள் போட்டா தளர்ந்துடும் முதலாளி."

"அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

கடைசியில் மிட்சுவே கடையிலிருந்து கத்தரிக்கோலோடு வந்து, பின்மண்டையில் இருந்த கொஞ்சநஞ்ச முடியையும் சேர்த்து வெட்டித்தான் முதலாளியை மீட்டாள். அதற்குப் பிறகு உயிருள்ள யாரும் டொகாஷியின் தொப்பிக்குத் தலை நீட்டவில்லை. அவர் பின்னுவதை நிறுத்தவும் இல்லை. அதனால் கல்லுக்குப் பின்னினார்.

கடையை ஒட்டிய வளைவில், தகரக் கூரைக்குக் கீழே ஆறு ஜிசோக்கள் வரிசையாக நிற்கிறார்கள். வழிப்போக்கர்களையும் குழந்தைகளையும் காக்கும் மொட்டைத்தலைச் சாமிகள். குளிருமே என்று யாராவது தொப்பி போடுவார்கள், கழுத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள். டொகாஷி ஒரு மத்தியானம் அளவு நாடாவோடு போய் ஆறு தலைகளையும் அளந்து வந்தார். அடுத்த மாதம் ஆறு பேருக்கும் புதுத் தொப்பி. கச்சிதமாக உட்கார்ந்தது. ஒருவரும் காது வலிக்கிறது என்று சொல்லவில்லை.

"கல்லுக்குப் போடறதுல ஒரு நிம்மதி இருக்கு ஹோன்மா சான்" என்றார் என்னிடம். "அளவு சரின்னா சரிதான். அப்புறம் அபிப்பிராயம் கிடையாது."

புத்தகம் போடும் யோசனை அவருடையது அல்ல. நாகானோ பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாளின் கார் எங்கள் வளைவில் பஞ்சரானது. டொகாஷி ஒட்டுப் போடும் நேரத்தில் அவள் ஜிசோக்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். எங்கள் ஊர் ஜிசோவுக்கும் பின்ன வேண்டும், இதற்குச் செய்முறை எழுதிக் கொடுங்களேன் என்றாள். கடைகளில் விற்கும் பின்னல் புத்தகங்கள் எல்லாம் மனிதர்களுக்கும் நாய்களுக்கும்தானாம், கழுத்தே இல்லாத கல்லுக்கு எதுவும் இல்லையாம்.

அந்த வார்த்தை டொகாஷிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க எழுதினார். அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்துமுறை டயர் கம்பெனியின் விவரப் புத்தகம்தான். டயரின் பக்கவாட்டில் 185/65R14 என்று போட்டிருக்குமே, அதே பாணியில் தொப்பிக்கும் எண் கொடுத்தார். முதல் எண் தலையின் சுற்றளவு, இரண்டாவது உயரத்தின் விகிதம், மூன்றாவது உச்சந்தலையின் விட்டம். தலை உடைந்துபோய் உருண்டைக் கல்லை ஒட்டவைத்த ஜிசோக்களுக்கு ஒரு தனி அத்தியாயம். தேய்மானம் தெரிய விளிம்பில் மஞ்சள் நூல் ஒரு வரிசை, அது வெளுத்தால் தொப்பியை மாற்ற வேண்டும். நான் கணினியில் தட்டச்சு செய்து கொடுத்தேன். "கல்லுக்குத் தொப்பி" என்று பெயர் வைத்தோம்.

அச்சகத்தோடு முதல் சண்டை பக்க எண்ணிக்கையில் வந்தது. தாளை மடித்து நடுவில் கம்பிப்பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் இருக்க வேண்டுமாம். எங்களிடம் மூன்று பக்கம் குறைந்தது.

"கடைசியில வெறும் பக்கமா விட்டுடலாம் சார், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றான் தொலைபேசியில் அச்சகத்துக்காரன்.

"வெறும் பக்கத்தைக் காசு வாங்கிட்டுக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று டொகாஷி கேட்டார். உண்மையாகவே அதிர்ந்துபோயிருந்தார். அந்த மூன்று பக்கங்களில் டயருக்குக் காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்ற அட்டவணையையும், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் என்ன கோளாறு என்ற விளக்கத்தையும் போட்டார். கம்பளித் தொப்பிப் புத்தகத்தில் இது எதற்கு என்று நான் கேட்டதற்கு, "படிக்கிறவங்க கார்ல போவாங்க இல்லையா?" என்றார்.

மே மாதம் டோக்கியோவில் சொந்தப் புத்தகம் போடுகிறவர்களின் சந்தை. பெரிய மண்டபம், வரிசை வரிசையாக மேஜைகள், அரை மேஜைக்கு ஒரு ஆள். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று குறிக்க வேண்டியிருந்தது. கைவினை என்று குறித்திருக்கலாம். ஆன்மிகம் என்றாலும் தப்பில்லை. டொகாஷி நெடுநேரம் யோசித்து, ஜிசோ வழிப்போக்கர்களின் சாமி என்பதால், "போக்குவரத்து" என்று குறித்துவிட்டார். ஆகவே ரயில் நிலையப் பெயர்ப்பலகை, பேருந்துக் கால அட்டவணை, சுரங்கப்பாதை விளக்கு ஆகியவற்றில் நிபுணர்களான மனிதர்களுக்கு நடுவே கம்பளித் தொப்பிகளோடு போய் உட்கார்ந்தோம்.

எங்கள் இடதுபக்கத்து மேஜைக்காரர் லாரிகளின் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் பட்டைகளைப் பற்றி நான்கு தொகுதிகள் போட்டிருந்தார். டொகாஷி முதல் தொகுதியைப் புரட்டினார். பிறகு இரண்டாவது. பிறகு நான்கையும் வாங்கிவிட்டார்.

"நாம விக்க வந்திருக்கோம்" என்றேன்.

"இவரு சேறு தெறிக்கிற கோணத்தை அளந்திருக்காரு ஹோன்மா சான்" என்றார், கோயிலில் பேசுகிற குரலில்.

தொப்பியைக் காட்ட ஒரு தலை வேண்டுமே. கல் ஜிசோவை ரயிலில் தூக்கிக்கொண்டு வர முடியாது. முதலாளி தன் பௌலிங் பந்தைக் கொடுத்திருந்தார். அதற்குச் சிவப்புத் தொப்பி மாட்டி மேஜை ஓரத்தில் வைத்திருந்தோம். மத்தியானம் வரை வந்தவர்கள் புத்தகத்தை எடுத்தார்கள், சிரித்தார்கள், வைத்தார்கள். ஒரே ஒருவர் வாங்கினார். அவரும் கடைசி மூன்று பக்கங்களை நின்று படித்துவிட்டு, "இடது முன் டயர் உள்பக்கமாத் தேயுது, ரொம்ப நாளா சந்தேகம்" என்று சொல்லி வாங்கினார்.

அப்போது டொகாஷி நாற்காலியிலிருந்து எழ, மேஜை லேசாக ஆடியது. பந்து விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து, கட்டை விழுந்த சத்தத்தோடு நடைபாதையில் உருள ஆரம்பித்தது. தொப்பி கழலவில்லை; டொகாஷி பின்னியதாயிற்றே. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு தலை போக்குவரத்துப் பிரிவைத் தாண்டி, கவிதைப் பிரிவைத் தாண்டி, சமையல் பிரிவுக்குள் நுழைந்தது. ஒரு பெண் காலைத் தூக்கிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினாள். டொகாஷி பின்னாலேயே ஓடியபடி, வழியில் ஒவ்வொரு மேஜைக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு மன்னிப்புக்கும் நின்றதால் பந்தைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அது ஊறுகாய்ப் புத்தகம் விற்கும் ஒரு கிழவரின் காலடியில் போய் நின்றது. கிழவர் அதைத் தூக்கிப் பார்த்தார், தொப்பியை இழுத்துப் பார்த்தார்.

"இவ்வளவு உருண்டும் கழண்டு போகலையே. இது எந்தப் புத்தகம்?"

அவர் கேட்டது பாதி மண்டபத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். சாயங்காலம் பெட்டியில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. திரும்பும் ரயிலில் டொகாஷி ரப்பர் பட்டைத் தொகுதியைப் படித்துக்கொண்டே வந்தார். முகம் சிவந்திருந்தது. பீர் ஒரு கோப்பைதான் குடித்தார், அதனால் அல்ல.

ஜூலையில் முதல் புகார் வந்தது. புத்தகத்தின் பின்னட்டையில் கடைத் தொலைபேசி எண்ணைத்தான் போட்டிருந்தோம். எடுத்தது நான்.

"தொப்பி கண்ணுக்குக் கீழ இறங்குதுங்க" என்றது ஒரு பெண் குரல். பஞ்சரான அதே நாகானோ அம்மாள். "எங்க ஜிசோவுக்கு மூக்கு நுனிதான் தெரியுது."

டொகாஷி வாங்கிப் பேசினார். நீங்கள் தளர்த்திப் பின்னியிருப்பீர்கள், ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து முடுக்க வேண்டும் என்றார் மரியாதையாக. அடுத்த வாரம் இன்னொரு ஊரிலிருந்து அதே புகார். பிறகு இன்னொன்று. படங்கள் வர ஆரம்பித்தன. கடலோரத்து ஜிசோ, பாலத்தடி ஜிசோ, சவப்பெட்டிக் கடை வாசல் ஜிசோ, எல்லாருக்கும் தொப்பி மூக்கு வரை. நாடு முழுக்கக் கண்ணைக் கட்டிவிட்டது போலிருந்தது. டொகாஷி சாப்பிடவில்லை. அவர் அளந்தது அளந்ததுதான், எங்கள் ஆறு பேருக்கும் கச்சிதமாகத்தானே இருக்கிறது?

கண்டுபிடித்தது மிட்சுவே. அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரோடும் வளைவுக்கு வந்து நின்று, வரிசையின் முதல் ஜிசோவை முடி வெட்ட வந்தவளைப் பார்ப்பதுபோலத் தலைசாய்த்துப் பார்த்தாள்.

"அளக்கும்போது பழைய தொப்பியைக் கழட்டினீங்களா?"

"பழைய தொப்பி ஏது? தலையைத்தான் அளந்தேன்."

அவள் கத்தரிக்கோலை எடுத்து, அவர் பின்னிய தொப்பியைக் கழற்றி, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் தலையாக நாங்கள் நினைத்திருந்ததை வெட்டினாள். அது ஒரு தொப்பி. அதற்குக் கீழே இன்னொரு தொப்பி. வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனாள். பாசி பிடித்தது, பனியில் இறுகிக் கல்லாகிப்போனது, ஊர்ப் பள்ளிச் சின்னம் போட்டது, இந்த உலகத்தில் யாரும் தான் பின்னியதாக ஒப்புக்கொள்ளாத ஒரு நிறத்தில் ஒன்று. யாரும் பழையதைக் கழற்றியதே இல்லை, மேலே மேலே போட்டிருக்கிறார்கள். கடைசியில் தலை வந்தது. ஒரு பேரிக்காய் அளவு. ஆறு பேருக்கும் அப்படித்தான்.

"சின்ன வயசுலேர்ந்து கும்பிட்டிருக்கேன்" என்றார் முதலாளி. "இவங்களுக்குத் தலை இவ்வளவுதானா?"

டொகாஷி சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அளவில் தப்பு. டயர் கடையில் அளவுத் தப்பு என்றால் ஆள் சாவான். அன்றே பிழைதிருத்தச் சீட்டு எழுதினார்: எல்லா அளவும் தவறு, சரியான அளவு இதோ, பின்னிய தொப்பிகளை அனுப்பினால் என் செலவில் சரியான தொப்பி பின்னித் தருகிறேன், ஆழ்ந்த மன்னிப்பு. கார் கம்பெனிகள் கோளாறான வண்டியைத் திரும்ப அழைப்பது போல. வாங்கியவர்களில் முகவரி தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினோம்.

எங்கள் ஆறு பேருக்கும் புதிதாகப் பின்ன வேண்டுமே. அதற்குள் நவம்பர் வந்துவிட்டது. கடை வாசலில் கார் வரிசை, டொகாஷிக்கு மூச்சுவிட நேரமில்லை. மொட்டையாக விட மனம் வராமல், தான் பின்னிய பழைய தொப்பிகளையே மாட்டிவிட்டார். ஆறும் மூக்கு வரை இறங்கி, ஆறு ஜிசோக்களும் கண் மறைந்து நின்றார்கள்.

முதலில் வந்தது பால் வண்டி ஓட்டும் ஹயாசகா. டயர் மாற்றும்வரை நேரம் போக்க வளைவுப் பக்கம் போனவன், கைகூப்பி நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தான். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. டீ கொடுத்தேன். தானாகவே சொன்னான்.

"ஆத்தங்கரையில சேப்பங்கிழங்குக் குழம்பு வெச்சோமில்ல, போன மாசம். கிழங்கு நான்தான் கொண்டுவந்தேன். வேணுங்கறதை எடுத்துக்கிட்டுக் காசை உண்டியல்ல போடற ஆளில்லாத காய்கறிக் கொட்டாய்லேர்ந்து எடுத்தேன். உண்டியல்ல ஒண்ணும் போடல. சில்லறை இல்ல, அப்புறம் போடலாம்னு விட்டேன். அப்புறம் போடல."

"அதை ஜிசோகிட்ட சொன்னியா?"

"சொல்லல. அவரு பாக்கல இல்ல? பாக்காதவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீங்க பாக்கல, நானும் சொல்லல, சரியான்னு மட்டும் கேட்டேன். ரொம்ப லேசா இருக்கு ஹோன்மா சான்."

டயர் வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பேச்சுதான் வேலை. அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கண்டும் காணாததுபோல இருக்கும் ஜிசோக்கள். குப்பையைத் தப்பான நாளில் போட்டவர்கள் வந்தார்கள். வருஷக் கடைசிப் பரிசாக வந்த பழப் பெட்டியைப் பிரிக்காமல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டவள் வந்தாள். அந்த அடுத்த வீட்டுக்காரியும் வந்தாள், அதே பெட்டியை மறுபடி தள்ளிவிட்டதற்காக. வேலை இருக்கிறது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வெந்நீர் ஊற்றில் போய்ப் படுத்துக்கிடந்தவர் பக்கத்து ஊரிலிருந்து வந்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு போனார்கள். முதலாளிகூட ஒரு நாள் போனார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை.

டொகாஷிக்கு இது தாங்கவில்லை. அதற்கு மேல், அனுப்பிய பிழைதிருத்தச் சீட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. நாகானோ அம்மாள் தொலைபேசியில் நேராகவே சொன்னாள்.

"டொகாஷி சான், திருத்தறேன்னு எதுவும் பண்ணிடாதீங்க. எங்க ஜிசோ பாக்காம இருக்கறதுலேர்ந்து கோயிலுக்கே வராத ஆம்பளைங்க எல்லாம் வர்றாங்க."

"அளவு தப்புங்க."

"தப்புதான். அதுதான் நல்லா இருக்கு."

டிசம்பரில் கோயில் பிக்கு வந்தார். ஆறு ஜிசோக்களும் அவர் கோயிலுக்குச் சேர்ந்தவர்கள். அவருடைய காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு டொகாஷி கூனிக்குறுகி நின்றார். திட்டு விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம்.

"குழந்தைங்க படற கஷ்டத்தைப் பாக்கத்தான் ஜிசோ அங்க நிக்கறாரு" என்றார் பிக்கு. "அவர் கண்ணை மறைக்கறது சரியில்ல, டொகாஷி சான்."

"ஆமாங்க சாமி. இந்த வாரமே மாத்திடறேன்."

நான் நீட்டிய டீயை பிக்கு வாங்கிக்கொண்டார்.

"அவசரப்பட வேண்டாம்" என்றார். "போன மழைக்காலத்துல எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. வீடுவீடாப் போய் மந்திரம் சொல்லணும். என்ன பண்றது, பதிவு பண்ணி வெச்சு, அங்கி கையில ஒரு சின்ன ஒலிபெருக்கியைச் சொருகிக்கிட்டு, வாயை மட்டும் அசைச்சேன். தொண்டை ஆகஸ்டுலயே சரியாயிடுச்சு. நான் இன்னும் வாயைத்தான் அசைக்கறேன்." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நேத்து வளைவுக்குப் போய்ட்டு வந்தேன். மனசுக்கு நல்லா இருந்துச்சு."

இருந்தாலும் டொகாஷி விடவில்லை. வரிசை குறைந்ததும் சரியான அளவில் ஆறு பின்னி, ஒரு காலையில் கொண்டுபோய் மாட்டினார். ஜிசோக்கள் ஆறு பேரும் கண்ணைத் திறந்து சாலையைப் பார்த்தார்கள். மறுநாள் போனால் பழைய தொப்பிகள் மூக்கு வரை இறங்கி உட்கார்ந்திருந்தன, புதியவை அழகாக மடித்துப் பக்கத்தில். மறுபடி மாற்றினார். மறுபடி மடித்து வைத்திருந்தது. யார் செய்தது என்று விசாரித்தார். யாரும் பார்க்கவில்லை.

ஜனவரியில் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் விஷயம் வந்தது. டீயும் ஊறுகாயும் வைத்து, பனி அள்ளும் முறைவரிசைக்கு அடுத்த விவாதமாக "ஜிசோக்களின் பார்வை" என்று போட்டிருந்தார்கள். தலைமை அகபானே, ஒரு காலத்தில் துணை மேயராக இருந்தவர்.

"புத்தகம் போட்டவர் பேசட்டும்" என்றார்.

டொகாஷி எழுந்தார். "நான் போட்டது தப்பான அளவு. தெரிஞ்சே தப்பான அளவை வாகனத்துல ஓட விடமாட்டோம். இதுவும் அப்படித்தான்."

"ஜிசோ எங்கயும் ஓடலையே" என்றான் ஹயாசகா.

"அவருக்கு எல்லாமே தெரியும்பா, தொப்பியெல்லாம் ஒரு மறைப்பா?" என்றார் பின்னால் யாரோ.

"தெரியும்னு அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்" என்றாள் பழப்பெட்டிக்காரி. "ஒரு மரியாதைக்கு மறைச்சுக்கறதுல என்ன வந்துது? எல்லாரும் துணியில்லாம இறங்கற வெந்நீர் ஊத்துல துண்டை எதுக்கு முன்னால பிடிச்சுக்கறோம்?"

பலர் தலையாட்டினார்கள். அகபானே ஒரு தீர்வு சொன்னார். வலதுபக்கம் மூன்று பேருக்குச் சரியான அளவு, இடதுபக்கம் மூன்று பேருக்குப் பழைய அளவு. யாருக்கு எது வேண்டுமோ அந்தப் பக்கம் போகலாம். கைதூக்கி நிறைவேறியது. டொகாஷி கை தூக்கவில்லை.

வலதுபக்கத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்று நினைத்தோம். முதல் வாரமே அகபானே போனார். தான் வயசான விதவை வீட்டுக் கூரையில் பனி தள்ளியதை, ரத்த தானம் செய்ததை, வண்டியில் இடம் விட்டதை, பார்க்கும் ஜிசோக்களிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். செய்த நல்லதை யாரும் கவனிக்கவில்லை என்று குறைப்பட்டவர்கள் ஊரில் இத்தனை பேர் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. இடதுபக்க வரிசை சத்தமில்லாமல் வேகமாக நகரும். வலதுபக்க வரிசைதான் நகரவே நகராது.

டொகாஷி அந்தக் குளிர்காலத்தில் திருத்திய பதிப்பை எழுதி முடித்தார். இந்த முறை அக்கம்பக்க ஊர் ஜிசோக்கள் எல்லாரையும், தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து அளந்திருந்தார். பக்க எண்ணிக்கையும் அவராகவே நான்கின் மடங்கில் கொண்டுவந்துவிட்டார். அச்சுக்குக் கொடுக்கப்போகும் முன் தாள்களை எடுத்துக்கொண்டு வலதுபக்க ஜிசோக்களிடம் போனதை நான் கடை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேண்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தாளாக மூன்று முகத்துக்கும் நேரே பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார், கண் மருத்துவர் எழுத்துப் பலகை காட்டுவதுபோல.

முதல் பதிப்பை மறுபடி அச்சடிக்கமாட்டேன் என்றுதான் சொன்னார். ஊருக்கு ஊர் கேட்டார்கள். மிட்சுவேதான் சம்மதிக்க வைத்தாள்.

"என் கடையில சிலபேர், போன தடவை கோணலா வெட்டினீங்களே, அதே மாதிரி வெட்டுங்கம்பாங்க. வெட்டிக் குடுக்கறேன். அதுக்காக எனக்கு நேரா வெட்டத் தெரியாதுன்னு ஆயிடுமா?"

அவர் ஒரு நிபந்தனை போட்டார். முதல் பதிப்பின் அட்டையிலேயே "பிழையுள்ள பதிப்பு" என்று அச்சடிக்க வேண்டும், பிழைதிருத்தச் சீட்டை ஒவ்வொரு பிரதிக்குள்ளும் கிழிக்க முடியாதபடி ஒட்ட வேண்டும். ஒட்டும் வேலையை அவரே செய்தார். டயர் ஒட்டும் பசையால்.

மே மாதச் சந்தையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தோம். இந்த முறையும் போக்குவரத்துப் பிரிவுதான். ரப்பர் பட்டைக்காரர் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"இதுல தப்பானது எது?"

"அது" என்று டொகாஷி விரலால் காட்டுவார், பல் டாக்டரிடம் வலிக்கும் பல்லைக் காட்டுகிற முகத்தோடு. வாங்கிக்கொண்டு போவார்கள். திருத்திய பதிப்பு சில பிரதிகள் போயின. அதில் ஒன்றை ஊறுகாய்க் கிழவர் வாங்கினார். அவருடைய ஜாடி மூடிகளுக்குத் நூல்குல்லாய் பின்ன வேண்டுமாம், அளவு முக்கியமாம். டொகாஷி எழுந்து நின்று இரண்டு கையாலும் புத்தகத்தைக் கொடுத்தார். பிறகு வெகுநேரம் அவரோடு மூடிகளின் விட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்களை நான் பார்த்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியபோது வெயில் காலம் தொடங்கியிருந்தது. வெயிலில் கம்பளி வேண்டாம் என்று டொகாஷி பருத்தி நூலில், துளை துளையாக, ஆறு தொப்பி பின்னினார். கூட்டத்தின் தீர்மானப்படி இடதுபக்கம் மூன்று பேருக்கும் மூக்கு வரை இறங்கும் அளவுதான். ஆனால் துளைகள் வழியாகக் கல் கண்கள் லேசாகத் தெரிந்தன. மறுநாள் காலையே ஹயாசகா பால் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"டொகாஷி சான், இப்ப அவரு பாக்கறாரா, பாக்கலையா?"

டொகாஷி வேலையை நிறுத்தினார். இது அவருக்குப் பிடித்த வகைக் கேள்வி. அளவுகோலை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போய், தொப்பியின் ஒரு துளையை அளந்துவிட்டு வந்தார்.

"நாலு மில்லிமீட்டர்" என்றார். "செஞ்சது அதைவிடப் பெரிசுன்னா துளைவழியா அவர் கண்ணுக்குப் போகாது. சின்னது போயிடும்."

ஹயாசகா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிப் பிடித்து அந்த இடைவெளியைப் பார்த்தான். தன் தப்பு எவ்வளவு பெரிது என்று மனசுக்குள் அளந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். அவ்வளவு பெரிதாக இல்லை போலிருக்கிறது. உண்டியல் வைத்த அந்தக் காய்கறிக் கொட்டகை இருக்கும் பக்கமாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.